ஞாயிறு விடியற்காலை எடுத்த மீன் சனிக்கிழமைக் கணக்கில் விழுகிறது: பைத்தானில் தேதி, நேரம்

காசிமேடு கணக்கு
10-02-2025, திங்கள், இரவு 9:15

எல்லோருக்கும் வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் தேதியும் நேரமும் அச்சிடுவதில் ஒரு சிக்கல். தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்து வழி சொல்லுங்கள். போனில் தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன், அதனால் ஸ்கிரிப்டில் வரும் எழுத்துகளையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். சின்ன எம், பெரிய எம் என்றால் புரியும்தானே.

என் அம்மா காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தண்டையார்பேட்டையில் விற்கிறார். அம்மாவையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் ஒரே ஏலக்காரரிடம் கடனுக்கு எடுக்கிறார்கள். எடுத்த அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பணம் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் பாக்கி. பாக்கி இருந்தால் மறுநாள் கூடை கிடைக்காது. முன்பு எல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டு மை கலைந்து, மாதத்துக்கு இரண்டு தகராறாவது வரும். போன தீபாவளிக்கு அப்புறம் நான் இதற்கென்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஏலக்காரரின் பையன் டெலிகிராமில் ‘சங்கரா 1 கூடை 2300’ என்று அனுப்பினால், எடுத்தவரின் போனுக்கு ஒரு சீட்டு போகும். தேதி, நேரம், மீன், தொகை, அவ்வளவுதான். ஜனவரி கடைசி வரை என் லேப்டாப்பில் ஓடியது. பிப்ரவரி பிறந்ததும் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து அதில் போட்டேன். தேதியின் வடிவத்தையும் அப்போதுதான் மாற்றினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 2:10 மணிக்கு, எங்கள் குழுவிலேயே மூத்தவரான ஆயா ஒரு கூடை சங்கரா எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்குப் போன சீட்டில் இருந்தது இது:

08-40-2025 08:40

எட்டாம் தேதி, நாற்பதாம் மாதம், எட்டு நாற்பது. ஆயாவுக்கு எழுத்து வராது, எண் நன்றாகப் படிப்பார். சாயங்காலம் பணத்தோடு போனவரிடம், ‘இது எட்டாம் தேதி சரக்கு, நேற்றே கட்டியிருக்கணும்’ என்று சொல்லி, மறுநாள் கூடை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருடமாக அந்தக் கரையில் ஒரு நாள் பாக்கி வைக்காதவர். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. ‘நீ போட்டதுதானே பாப்பா, பார்த்துச் சொல்லு’ என்றார். நான் போய்ப் பேசி இன்றைக்குக் கூடை கிடைத்துவிட்டது. ஆனால் வரும் ஞாயிறுக்குள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

நான் கவனித்த வரை சொல்கிறேன். ஐந்தரைக்கு மேல் போன சீட்டுகளில் தேதி சரியாக 09 என்று இருக்கிறது, மணி மட்டும் தப்பு. காலை 6:05க்கு அம்மாவுக்கு வந்த சீட்டில் 09-35-2025 12:35 என்று இருக்கிறது. மாதத்தின் இடத்தில் சீட்டுக்குச் சீட்டு வேறு எண் வருகிறது. புது வடிவத்தை வீட்டில் சோதித்தபோது அந்த இடத்தில் 02 வந்தது, பிப்ரவரிதானே என்று விட்டுவிட்டேன். லேப்டாப்பில் இப்போது ஓட்டினாலும் மணி சரியாகவே வருகிறது. சர்வரில் மட்டும் இப்படி.

வடிவத்துக்கு நான் எழுதியது, % குறியோடு வரிசையாக: சின்ன டி, பெரிய எம், பெரிய ஒய், அப்புறம் பெரிய ஐ, பெரிய எம். நேரம் எடுப்பது டேட்டைமின் நவ் என்ற சாதாரண அழைப்பில்தான்.


மணலி ஷிப்ட்
10-02-2025, திங்கள், இரவு 10:40

தங்கச்சி, நீங்கள் சீட்டை அப்படியே எழுதியது நல்லதாகப் போயிற்று. மூன்று கோளாறு ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

மாதத்தில் தொடங்குகிறேன். 08-40-2025 08:40. இரண்டு இடத்திலும் 40. அம்மாவின் சீட்டில் இரண்டு இடத்திலும் 35. பெரிய எம் என்றால் நிமிடம், சின்ன எம்தான் மாதம். நீங்கள் வீட்டில் சோதித்த நேரம் ஏதோ ஒரு மணி 2 நிமிடமாக இருந்திருக்கும், அதனால் 02 வந்தது. இந்த எழுத்துகள் பைத்தானுக்கு சி மொழியின் ஸ்டிரிங் எஃப் டைமிலிருந்து வந்தவை. லினக்ஸின் டேட் கட்டளையிலும் இதே எழுத்துகள்தான். ஆனால் ஜாவாவில் அப்படியே தலைகீழ்: அங்கே பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். பிஹெச்பியின் டேட்டில் நிமிடத்துக்கு எம்மே கிடையாது, சின்ன ஐ. ஒரு மொழியில் பழகிய கை இன்னொன்றுக்குப் போகும்போது எல்லோருக்கும் இங்கேதான் சறுக்கும். தேதி வடிவத்தைச் சோதிப்பதாக இருந்தால் நாள், மாதம், மணி, நிமிடம் நான்கும் வேறு வேறு எண்ணாக, நாளும் நிமிடமும் 12க்கு மேல் வருகிற மாதிரி ஒரு நேரத்தைக் கையால் கொடுத்துச் சோதியுங்கள். நான் எப்போதும் 25-03, 17:48 போடுவேன். எது எங்கே போனாலும் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது பெரிய ஐ. அது 12 மணிக் கணக்கு. கூடவே சின்ன பி போட்டால்தான் ஏஎம்மா பிஎம்மா என்று வரும். அது இல்லாததால் ராத்திரி 8:40 வெறும் 8:40 ஆகிவிட்டது. ராத்திரி என்று அச்சாகியிருந்தால் சந்தேகம் உங்களுக்கு அன்றைக்கே வந்திருக்கும். பெரிய ஹெச் போட்டால் 24 மணிக் கணக்கு, 20:40 என்று காட்டும்.

ஆயாவின் கூடையை நிறுத்தியது மூன்றாவது. உங்கள் சர்வரின் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. பெரும்பாலான வாடகை சர்வர்கள் அப்படித்தான் வருகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஞாயிறு 2:10லிருந்து ஐந்தரையைக் கழித்தால் சனிக்கிழமை இரவு 8:40. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. 6:05லிருந்து கழித்தால் அதே ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 12:35. அதனால்தான் ஐந்தரைக்கு மேல் தேதி சரியாகிவிடுகிறது. பகலில் கடை வைத்திருப்பவருக்குத் தேதி மாறுவது கண்ணில் படவே படாது. நள்ளிரவிலிருந்து ஐந்தரை வரைதான் தேதி ஒரு நாள் பின்தங்கும், காசிமேட்டு ஏலமோ அந்த ஐந்தரை மணிக்குள்தான் மும்முரம்.

இதற்கு ‘ஐந்தரை மணியைக் கூட்டிவிடு’ என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் தொட்டி அளவு எழுதும் ஸ்கிரிப்டில் ஒருவர் ஐந்தரை கூட்டினார். அது தெரியாமல் அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்டில் இன்னொருவரும் ஐந்தரை கூட்டினார். பதினோரு மணி நேரம் தள்ளிப்போன அளவுகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தோம். வெறும் எண்ணாகக் கூட்டிய நேரத்தைப் பார்த்தால் அது எந்த ஊர் நேரம் என்று யாருக்கும் தெரியாது.

நேரத்தை எடுக்கும்போதே யூடிசி என்ற அடையாளத்தோடு எடுங்கள். அதாவது நவ் என்ற அழைப்புக்குள் டைம்ஸோன் யூடிசி என்று கொடுக்க வேண்டும். யூடிசிநவ் என்று ஒரு பழைய அழைப்பு இருக்கிறது, அது வேண்டாம். அது அடையாளமே இல்லாத நேரத்தைத் தருகிறது, பைத்தான் 3.12லிருந்து அதைக் கைவிடச் சொல்லியே எச்சரிக்கை வருகிறது. டேட்டாபேஸில் யூடிசியாகவே சேமியுங்கள். சீட்டு அச்சிடும் அந்தக் கடைசி இடத்தில் மட்டும் ஏசியா/கொல்கத்தா என்ற மண்டலத்துக்கு மாற்றுங்கள். சென்னைக்கென்று தனிப் பெயர் கிடையாது, இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். நேர மண்டலத்தை மாற்றித் தரும் ஸோன்இன்ஃபோ என்ற பொதி பைத்தான் 3.9லிருந்து கூடவே வருகிறது. விண்டோஸ் என்றால் டிஇசட்டேட்டா என்ற பொதியையும் நிறுவிக்கொள்ளுங்கள்.

நான் இன்றைக்கு நைட். ஏதாவது சந்தேகம் இருந்தால் காலை ஆறு மணிக்கு மேல் பார்க்கிறேன்.


காசிமேடு கணக்கு
12-02-2025, புதன், இரவு 8:50

அண்ணா, மிக்க நன்றி. மூன்றையும் மாற்றிவிட்டேன். இன்று விடியற்காலை வந்த சீட்டுகளில் தேதியும் மணியும் சரி. ஆனால் இன்னும் மூன்று இடத்தில் நிற்கிறேன்.

ஒன்று, சீட்டில் கிழமையும் பொழுதும் தமிழில் வர வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள். எழுத்து படிக்காத இரண்டு பேருக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சொல்கிறார்கள். ஏஎம் பிஎம் என்று வாசித்தால் யாருக்கும் பிடிபடுவதில்லை. லொகேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழ் என்று மாற்றினால் வந்துவிடும் என்று படித்தேன். லேப்டாப்பில் வந்தது, சர்வரில் ‘அன்சப்போர்ட்டட் லொகேல்’ என்று நின்றுவிட்டது.

அதனால் கிழமைகளை நானே ஒரு பட்டியலாக எழுதினேன், ஞாயிறில் தொடங்கிச் சனி வரை. வீக்டே என்ற அழைப்பு தரும் எண்ணை வைத்து எடுத்தேன். போன ஞாயிறு சீட்டைத் திரும்ப ஓட்டினால் தேதி 09 என்று சரியாக வந்து, கிழமை ‘சனி’ என்று வருகிறது! பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நேரம் இன்னும் யூடிசியில்தான் இருக்கிறதோ என்று இரண்டு மணி நேரம் தேடினேன். இல்லை.

மூன்றாவதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பழைய நோட்டில் இருக்கும் கணக்கையும் ஏற்றுகிறேன். ஏலக்காரர் நோட்டில் மணியோடு எழுதி வைத்திருக்கிறார். அந்த ஸ்கிரிப்டை வேறொரு இடத்திலிருந்து எடுத்துப் போட்டேன், அதில் ஸோன்இன்ஃபோ இல்லை, பைடிஇசட் என்ற பழைய பொதி இருக்கிறது. நேரத்தை உருவாக்கும்போதே டிஇசட்இன்ஃபோ என்ற இடத்தில் கொல்கத்தாவைக் கொடுக்கிறேன். 2:10 என்று ஏற்றினால், திரும்ப எடுக்கும்போது 1:47 என்று வருகிறது. எல்லாவற்றிலும் அதே 23 நிமிடம் குறைகிறது. ஐந்தரை மணி என்றால் புரிகிறது. இந்த 23 எங்கிருந்து வருகிறது?


ராயபுரம் ரயிலடி
12-02-2025, புதன், இரவு 10:05

அம்மா, உங்கள் 23 நிமிடத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நேரத்தோடுதான் வாழ்க்கை போயிற்று.

தீர்வை முதலில் சொல்லிவிடுகிறேன். பைடிஇசட்டில் மண்டலத்தை நேராக டிஇசட்இன்ஃபோவில் கொடுக்கக் கூடாது. லோகலைஸ் என்ற அழைப்பு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அல்லது, அதைவிட நல்லது, அந்தப் பொதியை எடுத்துவிட்டு அங்கேயும் ஸோன்இன்ஃபோ போடுங்கள். அதில் நேராகக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஏற்றியதை அழித்துவிட்டு நோட்டிலிருந்து மறுபடியும் ஏற்றுங்கள். 23 நிமிடத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இனி அந்த 23 எங்கிருந்து வருகிறது என்பது. பூமி 24 மணியில் 360 பாகை சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கொல்கத்தா கிழக்கே 88 பாகைக்குக் கொஞ்சம் மேல். அங்கே சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துக் கடிகாரம் வைத்தால் கிரீன்விச்சை விட 5 மணி 53 நிமிடம் முந்தும். நம் இந்திய நேரம் 82.5 பாகைக்கு வைத்தது, அதனால் 5 மணி 30 நிமிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் 23. கம்ப்யூட்டரில் இருக்கும் நேர மண்டலக் கோப்பில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் பழைய நேரத்திலிருந்து இன்றுவரை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கொல்கத்தாவுக்கு முதல் வரி, அந்த ஊரின் சொந்தச் சூரிய நேரம், 5:53:28. பைடிஇசட்டுக்கு நீங்கள் எந்தத் தேதி என்று சொல்லாமல் மண்டலத்தை மட்டும் கொடுத்தால் அது அந்த முதல் வரியை எடுத்துக்கொள்கிறது. உங்கள் காசிமேட்டு மீனை 1854க்கு முந்தைய கல்கத்தா கடிகாரத்தில் எழுதி வைக்கிறது. லோகலைஸ் என்பது தேதியைப் பார்த்துச் சரியான வரியைத் தேடி எடுக்கும்.

அந்தக் கோப்பை முடிந்தால் ஒரு முறை திறந்து பாருங்கள். 1870க்கும் 1906க்கும் நடுவே 5:21:10 என்று ஒரு வரி இருக்கும். அது நம் நேரம், மெட்ராஸ் டைம். சென்னை 80 பாகைக்குச் சற்று மேல், நான்கால் பெருக்கிப் பாருங்கள், 321 நிமிடம் வரும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வான் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொன்ன நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இருந்ததால் ரயில்வே அந்த நேரத்தையே எடுத்துக்கொண்டு நாடு முழுக்க வண்டி ஓட்டியது. எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. கொல்கத்தா என்று பெயர் போட்ட கோப்புக்குள் நம் ஊர்க் கடிகாரம் 36 வருடம் உட்கார்ந்திருப்பதை நான் முதலில் பார்த்தபோது, என் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை. நடுவில் போர்க்காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி ஆறரை ஆக்கினார்கள். அதுவும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

இப்போதும் சென்னையில் சூரியன் நம் கைக்கடிகாரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால்தான் வருகிறது. அது உங்கள் சீட்டுக்குத் தேவையில்லை.


வியாசர்பாடி வகுப்பு
13-02-2025, வியாழன், காலை 7:20

ஐயா எழுதியதை என் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பில் படித்துக் காட்டப் போகிறேன். நான் மாலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறவள்.

தங்கச்சி, உங்கள் கிழமை விஷயம் சுலபம். வீக்டே என்ற அழைப்பில் திங்கள்தான் 0, ஞாயிறு 6. பட்டியலின் இடங்களையும் பைத்தான் 0இலிருந்துதான் எண்ணும், உங்கள் பட்டியல் ஞாயிறில் தொடங்குவதால் 6 என்ற இடத்தில் சனி நிற்கிறது. பட்டியலைத் திங்களில் தொடங்கி எழுதிவிடுங்கள். நாம் சின்ன வயதிலிருந்து ஞாயிறு, திங்கள் என்று சொல்லிப் பழகியதால் இது தானாகவே நடக்கும் தப்பு. ஐஎஸ்ஓவீக்டே என்று இன்னொன்று இருக்கிறது, அதில் திங்கள் 1, ஞாயிறு 7. வடிவத்தில் % சின்ன டபிள்யூ போட்டால் ஞாயிறு 0. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே எங்கும் பயன்படுத்துங்கள்.

லொகேல் வேண்டாம் என்பதே என் கருத்தும். அது அந்த மெஷினில் நிறுவியிருந்தால்தான் வரும். சர்வர் மாற்றினால் மறுபடி நிற்கும். அதோடு, லொகேலை மாற்றினால் அந்த ஸ்கிரிப்ட் முழுவதற்கும் மாறும். ஏழு கிழமை, பன்னிரண்டு மாதம், இதற்கு உங்கள் கையெழுத்துப் பட்டியலே போதும்.

பொழுதுக்குத்தான் நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஏஎம் பிஎம்முக்குப் பதிலாகக் காலை, மாலை என்று இரண்டே சொல் போட்டால் ராத்திரி 2:10 ‘காலை 2:10’ ஆகும், மதியம் 1 மணி ‘மாலை 1:00’ ஆகும். நம் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. மணியைப் பார்த்து எந்தச் சொல் என்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள். எல்லை எங்கே என்று புத்தகத்தைப் பார்க்காதீர்கள், அம்மாவைக் கேளுங்கள். ஒவ்வொரு மணியாகச் சொல்லி, இதை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மணியை 12ஆல் வகுத்து மீதி எடுக்கும்போது 0 வந்தால் 12 என்று காட்ட மறக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டேட்டாபேஸில் தேதியை 09-02-2025 என்று எழுத்தாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். அதை வரிசைப்படுத்தினால் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதியும் முதலில் வந்து நிற்கும், அப்புறம் எல்லா இரண்டாம் தேதியும். 2025-02-09 என்று ஆண்டு, மாதம், நாளாக வைத்தால் எழுத்து வரிசையும் காலத்தின் வரிசையும் ஒன்றாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் அதைத்தான் சொல்கிறது, பைத்தானில் ஐஎஸ்ஓஃபார்மேட் என்று நேரடியாக இருக்கிறது. சீட்டில் மட்டும் நாள் முதலில் வரட்டும்.

நாளுக்கு முன்னால் வரும் பூஜ்யம் வேண்டாம் என்றால், லினக்ஸில் %க்கும் சின்ன டிக்கும் நடுவே ஒரு கழித்தல் குறி போடலாம். விண்டோஸில் அது வேலை செய்யாது, அங்கே ஹேஷ் குறி. உங்கள் லேப்டாப்பும் சர்வரும் வேறு வேறு என்றால் இரண்டும் வேண்டாம், டே என்ற எண்ணை நேராக எடுத்து எழுதிவிடுங்கள்.


காசிமேடு கணக்கு
14-02-2025, வெள்ளி, மாலை 6:30

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. 23 நிமிடம் போய்விட்டது. நோட்டை முழுவதும் திரும்ப ஏற்றினேன். மெட்ராஸ் டைம் வரியைத் தேடிப் பார்த்தேன், 5:21:10 இருக்கிறது ஐயா.

அக்கா சொன்ன மாதிரி அம்மாவை உட்கார வைத்து மணி மணியாகக் கேட்டேன். அங்கேதான் புதிதாக ஒன்று வந்தது. 2 மணியை அம்மா ‘ராத்திரி ரெண்டு’ என்கிறார். சரி என்று ‘ஞாயிறு ராத்திரி 2:10’ என்று அச்சிட்டுக் காட்டினேன். அம்மா படித்துவிட்டு, ‘இது திங்கக்கிழமைக்கு முன்னாடி ராத்திரி இல்ல?’ என்றார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அவர்கள் பேச்சில் அது ‘சனி ராத்திரி, விடிஞ்சா ஞாயிறு’. தேதி மாறுவது நள்ளிரவில் இல்லை, விடியும்போது. ஞாயிறையும் ராத்திரியையும் சேர்த்துப் போட்டால் முழுதாக ஒரு நாள் தள்ளிப்போகிறது. கோட் சரி, தேதி சரி, படிக்கிறவர் புரிந்துகொள்வது தப்பு.

அதனால் நள்ளிரவு 12லிருந்து 6 வரை ‘விடியற்காலை’ என்று வைத்தேன். ஞாயிறு விடியற்காலை 2:10 என்றால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதினோரு பேரிடமும் காட்டிவிட்டேன்.

ஆனால் ஞாயிறுக்கு முந்தின ராத்திரி சில சமயம் பதினொன்றரைக்கே முதல் கூடை விழும். அது தேதிப்படி சனி. ஆனால் வியாபாரம் ஞாயிறுக்குத்தான், பணமும் ஞாயிறு சாயங்காலம்தான் கட்டுவார்கள். இப்போது தேதி சரியாக வருவதாலேயே அந்தக் கூடை சனிக்கிழமைப் பாக்கியாக விழும். இதற்கு வடிவத்தில் ஏதாவது வழி இருக்கிறதா?


மணலி ஷிப்ட்
14-02-2025, வெள்ளி, இரவு 7:45

தங்கச்சி, வடிவத்தில் இதற்கு வழி கிடையாது. தேட வேண்டாம். நேரம் வேறு, கணக்கு நாள் வேறு. எங்களுக்கும் இது உண்டு. ராத்திரி 10 முதல் காலை 6 வரை நைட் ஷிப்ட். விடியற்காலை 4 மணிக்கு எடுத்த அளவும் முந்தின நாள் ஷிப்ட் புத்தகத்தில்தான் போகும், தொடங்கிய தேதிதான் ஷிப்டின் தேதி. உங்களுக்கு அப்படியே மாறி, ராத்திரி சரக்கு வருகிற நாளின் கணக்கு.

சீட்டில் அச்சாகும் நேரத்தைத் தொடவே தொடாதீர்கள். எடுத்தது 11:30 என்றால் 11:30 என்றே இருக்கட்டும், அதுதான் நடந்தது. டேட்டாபேஸில் ‘கணக்கு நாள்’ என்று தனியாக ஒரு பத்தி சேருங்கள். எத்தனை மணிக்கு மேல் எடுத்தால் மறுநாள் கணக்கு என்று ஏலக்காரரிடமும் பெண்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவு 8 என்று வைத்துக்கொண்டால், யூடிசியிலிருந்து நம் நேரத்துக்கு மாற்றிய பிறகு அதோடு 4 மணி நேரம் கூட்டி, தேதியை மட்டும் எடுத்தால் போதும். சனி 11:30 ஞாயிறு 3:30 ஆகும், கணக்கு நாள் ஞாயிறு. ஞாயிறு 2:10 ஞாயிறாகவே இருக்கும். ஞாயிறு மாலை 7:50 கூட 11:50தான், தாண்டாது. கூட்டக் கூடாது என்று சொன்ன நானே கூட்டச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அங்கே நேரத்தை மாற்றினீர்கள், இங்கே நேரத்தை மாற்றவில்லை, அதிலிருந்து ஒரு நாளைக் கணக்கிட்டு வேறு பெயரில் வைக்கிறீர்கள்.

பாக்கி பார்ப்பது கணக்கு நாளை வைத்து. தகராறு வந்தால் பார்ப்பது நேரத்தை வைத்து.

ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடுமே, அதற்குள் பழகிவிட்டால் நல்லது. அப்போது நாள் எண்ணிக் காட்டுவீர்கள் என்றால் ஒன்று நினைவில் வையுங்கள். ஜூன் 14லிருந்து ஏப்ரல் 15ஐப் பைத்தான் கழித்தால் 60 வரும். தடை 61 நாள். இரண்டு முனையும் சேர்த்தி என்பதால் ஒன்று கூட்ட வேண்டும்.


காசிமேடு கணக்கு
16-02-2025, ஞாயிறு, காலை 9:40

இப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்தேன். இரவு 8 என்ற எல்லையை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஏலக்காரர் மட்டும் 7 கேட்டார், பெண்கள் விடவில்லை.

ராத்திரி முழுக்க 19 சீட்டு போனது. எல்லாவற்றையும் நோட்டோடு வைத்து நானும் அம்மாவும் ஒத்துப் பார்த்தோம். முதல் கூடை 11:42க்கு, நேரம் சனி இரவு, கணக்கு நாள் ஞாயிறு. கடைசிக் கூடை காலை 6:20க்கு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஆயா இன்றும் சங்கராதான் எடுத்தார். அவருக்குப் போன சீட்டு:

16-02-2025 ஞாயிறு
விடியற்காலை 2:25
சங்கரா 1 கூடை ரூ. 2150
கணக்கு நாள்: 16 ஞாயிறு

போனை வாங்கி 16ஐயும் 2:25ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தார். பழைய 08-40 சீட்டு இன்னும் அவர் போனில் இருக்கிறது, அதை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

ஏலக்காரரின் போனுக்கும் அதே சீட்டின் நகல் போகிற மாதிரி இன்று மாலை மாற்றுகிறேன். தடைக்காலத்துக்கு நாள் எண்ணும் வரியையும் சேர்த்துவிட்டேன் அண்ணா, ஒன்று கூட்டித்தான்.